விண்டோஸ் 10-ஐ விட்டு மாறலாமா? வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சில குறிப்புகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. 2015 ஜூலையில் வந்த மென்பொருள்; பத்து ஆண்டுகள் ஓடியிருக்கிறது. மறுநாள் காலையில் யார் வீட்டுக் கம்ப்யூட்டரும் நின்றுபோகவில்லை. அதனால் சில வீடுகளில் "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று விட்டுவிட்டார்கள். வேறு சில வீடுகளில், கடைக்காரர் உதட்டைப் பிதுக்கியதும் புது லேப்டாப்புக்கே தவணை கட்டத் தொடங்கிவிட்டார்கள். இரண்டுமே யோசிக்காமல் எடுக்கிற முடிவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து கீழே உள்ளவற்றைப் பார்த்துவிட்டால், உங்கள் கம்ப்யூட்டருக்கு எது சரி என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

1. முதலில் உங்களிடம் ஓடுவது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் ஒன்றாக அழுத்தி, வரும் பெட்டியில் 'வின்வெர்' என்று ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் அழுத்தினால் பதிப்பின் பெயர் வரும். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு 22எச்2. அதற்கு முந்தையது என்றால் முதலில் அதற்கு அப்டேட் செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு. இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறதென்றால் (அதன் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது) ஆறாம் குறிப்புக்கும் பதினான்காம் குறிப்புக்கும் நேராகப் போய்விடலாம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-ஐ ஏற்காது.

2. ஆதரவு முடிந்தால் என்ன கெட்டுப்போகும்? உடனே எதுவும் இல்லை. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்து அப்டேட் அனுப்பும். அது இனி வராது. இதில் பலர் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு: விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் உள்ளே இருக்கும் நிரல்களில் நிறைய பொதுவானவை. 11-இல் ஓர் ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியிட்டால், 10-இல் எங்கே ஓட்டை இருக்கிறது என்று திருடனுக்கு முகவரி கொடுத்த மாதிரிதான். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற தீநிரல் இதற்கு நல்ல சான்று. அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் அந்த மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்ட கம்ப்யூட்டர்கள்தாம் மாட்டிக்கொண்டன; பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் உட்பட.

"டிஃபெண்டர் இருக்கிறதே" என்பார்கள். உண்மைதான். விண்டோஸ் 10-இல் டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியலும் எட்ஜ் பிரவுசருக்கான அப்டேட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் விண்டோஸின் அடித்தளத்தில் உள்ள ஓட்டையை அவை அடைக்காது.

3. அந்தக் கம்ப்யூட்டரில் என்ன நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நெட் பேங்கிங், வருமான வரி, ஜிஎஸ்டி, மின்னஞ்சல், ஆதார் நகல் ஸ்கேன் என்று பணமும் அடையாளமும் புழங்கும் கம்ப்யூட்டர் என்றால் அப்டேட் இல்லாமல் வைத்திருக்கவே கூடாது. நெட் இணைப்பே இல்லாமல் பழைய கணக்கைப் பார்க்கவோ எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் அனுப்பவோ மட்டும் பயன்படும் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிடலாம். ஒரே நிபந்தனை: ஊரிலுள்ள ஜெராக்ஸ் கடைகளுக்கெல்லாம் போய்வந்த பென் டிரைவை அதில் செருகக் கூடாது.

4. விண்டோஸ் 11 ஏறுமா என்பதைக் கடைக்காரரிடம் கேட்பதைவிடக் கம்ப்யூட்டரிடமே கேளுங்கள். மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் செயலியை இறக்கி ஓட விட்டால் ஏறுமா, ஏறாதா, ஏறாவிட்டால் எந்தக் குறையால் என்று சொல்லிவிடும். கேட்பவை: 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் வசதி, பட்டியலில் உள்ள பிராசஸர். பழைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் தோற்பது கடைசியில் சொன்ன பிராசஸரில்தான்.

இன்டெல் என்றால் பெயரிலேயே விடை இருக்கிறது. ஐ5-8250யு என்றால் கோட்டுக்குப் பின்னால் வரும் 8 எட்டாம் தலைமுறையைக் குறிக்கும், தேறும். ஐ5-7200யு ஏழாம் தலைமுறை, தேறாது. 10210யு, 1135ஜி7 போல எண் நீண்டிருந்தால் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: பத்து, பதினொன்று. ஆக, சுமார் 2018-க்குப் பிறகு வாங்கியதற்கு வாய்ப்பு அதிகம். ஆனால் கடைகளில் பழைய சரக்கும் விற்கும், எனவே பில்லில் உள்ள தேதியை மட்டும் நம்பாதீர்கள். ஏ.எம்.டி. ரைசனில் இவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. 2000 வரிசையிலேயே சில ஏறும், சில லேப்டாப் மாடல்கள் ஏறாது. அங்கே செயலி சொல்வதுதான் தீர்ப்பு.

5. "டி.பி.எம். இல்லை" என்று வந்தால் உடனே கைவிட்டுவிடாதீர்கள். எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய கம்ப்யூட்டர்களில் அது பெரும்பாலும் இருக்கும். பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் பி.டி.டி. என்றும் ஏ.எம்.டி. போர்டில் எஃப்.டி.பி.எம். என்றும் பெயர் போட்டிருக்கும். அதை ஆன் செய்தால் போதும். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்களில் இது அடிக்கடி நடப்பது.

பயாஸ் 'லெகசி' முறையில் இருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். அதை யு.இ.எஃப்.ஐ.க்கு வெறுமனே மாற்றிவிட்டால் விண்டோஸ் எழாது. டிஸ்கின் பகிர்வு முறையையும் சேர்த்து மாற்ற வேண்டும். தெரிந்தவரிடம் விடுங்கள், அதுவும் ஃபைல்களை வேறிடத்தில் நகல் எடுத்த பிறகு. பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருந்தால், பயாஸைத் தொடுவதற்கு முன் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்திருந்தால் அங்கே கிடைக்கும். அது இல்லாமல் நீலத் திரை சாவி கேட்டு நின்றால் உங்கள் போட்டோக்கள் உங்களுக்கே கிடைக்காது.

6. பலர் "சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, ஓ.எஸ். மாத்தணும்" என்கிறார்கள். ஓ.எஸ்.ஸை மாற்றினால் வேகம் வராது. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் பெரும்பாலும் காரணம். அதில் விண்டோஸ் 11-ஐ ஏற்றினால் இன்னும் மோசமாகத்தான் ஆகும். முதல் செலவை எஸ்.எஸ்.டி.க்குச் செய்யுங்கள். 256 ஜிபி ஒரு வீட்டுக்குத் தாராளம். போட்டோக்கள் பழைய டிஸ்கிலேயே இருக்கட்டும். அடுத்தது ராம். 4 ஜிபி போதும் என்று காகிதத்தில் இருக்கிறது. குரோமில் நாலு டேப் திறந்தால் மூச்சுத் திணறும். 8 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறது. சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் ஒரு கடைக்கு இரண்டு கடை கேட்டுவிட்டு, பில்லோடும் வாரண்டியோடும் வாங்குங்கள். விண்டோஸ் 11 ஏறாத கம்ப்யூட்டருக்கும் இந்தச் செலவு வீணில்லை.

7. முடிவெடுக்க நேரம் வேண்டுமா? வீட்டு உபயோகத்துக்கென்று கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். புது வசதியோ உதவியோ கிடையாது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேர்வதற்கான இணைப்பு இருக்கும். மூன்று வழிகள்: 30 டாலருக்கு ஈடான தொகை கட்டலாம், மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 இருந்தால் கொடுக்கலாம், கம்ப்யூட்டர் அமைப்புகளை விண்டோஸ் பேக்கப் வழியாகச் சேமிக்கச் சம்மதித்தால் காசே வேண்டாம். எந்த வழியானாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும், 22எச்2 பதிப்பு வேண்டும். இலவச வழியில் போகிறவர்கள் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். டெஸ்க்டாப், பிக்சர்ஸ் ஃபோல்டர்களையும் சேர்த்து டிக் அடித்துவிட்டால் இடம் தீர்ந்து, பணம் கட்டச் சொல்லித் தினமும் நச்சரிக்கும். அமைப்புகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற டிக்குகளை எடுத்துவிடுங்கள்.

8. பிரின்டர், ஸ்கேனர், டாங்கிள். மாறிய பிறகு வீடுகளில் வரும் சண்டை பெரும்பாலும் இவற்றால்தான். பத்து வருஷப் பிரின்டர் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடல் எண்ணைப் போட்டு விண்டோஸ் 11-க்கு டிரைவர் இருக்கிறதா என்று முன்னதாகவே பாருங்கள். வரித் தாக்கலுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருக்கும் சிறு வியாபாரிகள் அதன் டிரைவரை இறக்கி வைத்துக்கொண்டு, பாஸ்வேர்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தவறாகச் சிலமுறை அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பு கிடையாது என்பதால், 32 பிட் விண்டோஸ் 10-இல் மட்டும் ஓடிய மிகப் பழைய 16 பிட் புரோகிராம்கள் அங்கே ஓடவே ஓடாது. டாஸ் காலத்து பில்லிங் புரோகிராமை இன்னும் கைவிடாத கடைகளுக்கு இது முக்கியம்.

9. தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. பழைய கடிதம், கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை, குடும்ப வரலாறு என்று வானவில்லிலோ பாமினியிலோ ஸ்ரீலிபியிலோ அடித்த ஃபைல்கள் இருக்கின்றனவா? இவை யூனிகோடு அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். அப்கிரேடு செய்தால் எழுத்துருக்கள் அப்படியே இருக்கும். கடையில் 'ஃபார்மட்' அடித்தால் போய்விடும். எனவே சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்தத் தமிழ் எழுத்துருக்களை முதலில் நகல் எடுங்கள். நேரம் கிடைக்கும்போது முக்கியமான ஃபைல்களை மட்டுமாவது யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. பத்து வருஷம் கழித்து அந்த எழுத்துருவைத் தேடினால் கிடைக்குமா என்று யாருக்குத் தெரியும்?

லதா எழுத்துருவில் அடித்தவர்கள், அதைக் காணவில்லை என்று பதற வேண்டாம். விண்டோஸ் 10 முதலே அது தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்பில் இருக்கிறது. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் சேர்த்துக்கொள்ளலாம். தட்டச்சுக்கு அழகி, என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை என்று பழகியவர்கள் அவற்றின் இன்ஸ்டால் ஃபைலை பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். தமிழ்99, அஞ்சல் என்று பழகியவர்களுக்கு விண்டோஸ் 11-இலேயே இரண்டும் இருக்கின்றன.

10. "போட்டோ எல்லாம் டி டிரைவ்ல இருக்கு, பயமில்லை." இதைக் கேட்காத சர்வீஸ் சென்டரே இருக்காது. சி-யும் டி-யும் பெரும்பாலான வீடுகளில் ஒரே டிஸ்கின் இரண்டு பகுதிகள்தாம். டிஸ்க் போனால் இரண்டும் போகும். ஃபார்மட் அடிக்கிற தம்பி தவறான பகுதியைத் தொட்டாலும் போகும். நகல் என்றால் கம்ப்யூட்டருக்கு வெளியே இருக்க வேண்டும். வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, அதை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி நாலைந்து ஃபைல்களைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிரவுசர் பாஸ்வேர்டுகள், டாலி டேட்டா, அவுட்லுக் மெயில் ஃபைல் ஆகியவை வழக்கமாக மறந்துபோகும் இடங்கள்.

11. ஒரிஜினல் விண்டோஸ் 10 இருந்தால் 11-க்குக் காசு கிடையாது. உரிமம் அந்தக் கம்ப்யூட்டரோடு பதிவாகியிருக்கும். புதிதாக 'கீ' வாங்கத் தேவையே இல்லை. விண்டோஸ் 7, 8 கீயைக் கொடுத்து இலவசமாக மாறும் வழியை 2023-இல் மூடிவிட்டார்கள். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கும் கீ எங்கிருந்து வந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. பிறகு செல்லாமல் போனால் யாரிடம் கேட்பது? கடையில் ஏற்கெனவே திருட்டுப் பதிப்பு போட்டுக் கொடுத்திருந்தால், அப்கிரேடு செய்தாலும் அது திருட்டுப் பதிப்பாகத்தான் தொடரும். அப்படிப்பட்டவர்கள் பதினான்காம் குறிப்பைக் கொஞ்சம் ஊன்றிப் படிக்கலாம்.

12. என்றைக்கு மாறுவது? மார்ச் கடைசியும், வரித் தாக்கல் நெருக்கமும், பிள்ளைகளின் தேர்வு மாதமும் வேண்டாம். பதிவிறக்கம் பல ஜிபி இழுக்கும் என்பதால் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பாதீர்கள். அன்றைக்கு மாதாந்திர மின்தடை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டெஸ்க்டாப் என்றால் யூ.பி.எஸ். கட்டாயம், லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றக் கூடாது. பாதியில் சதவீதம் நகராமல் நின்ற மாதிரி இருக்கும். பொறுங்கள், பவர் பட்டனை அழுத்தாதீர்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே 11 வருகிறதென்றால் அந்த வழிதான் பாதுகாப்பு. தகுதி இருந்தும் வரவில்லையென்றால், உங்கள் மாடலில் தெரிந்த கோளாறு ஏதோ இருப்பதால் மைக்ரோசாஃப்டே நிறுத்தி வைத்திருக்கலாம். அவசரப்பட்டு வேறு வழியில் ஏற்றாமல் சில வாரம் காத்திருங்கள்.

மாறிய பிறகு பிடிக்கவில்லையென்றால் பத்து நாளுக்குள் செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதிக்குப் போய்ப் பழையபடி திரும்பிவிடலாம். அந்தப் பத்து நாளில் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டர் இடத்தை அடைக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள். திரும்பும் வழி அதற்குள்தான் இருக்கிறது. முதல் நாளே பிரின்ட், ஸ்கேன், வெப்கேம், சவுண்டு, தமிழ்த் தட்டச்சு, டோக்கன் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு ஸ்டார்ட் பட்டன் நடுவுக்குப் போனதுதான் பெரிய குழப்பம். டாஸ்க்பார் அமைப்பில் இடப்பக்கத்துக்கே மாற்றிக் கொடுங்கள்.

13. "ஏறாத சிஸ்டத்துலயும் நான் ஏத்தித் தர்றேன்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்றத்தான் முடியும், சோதனையைத் தாண்ட வைக்கும் கருவிகள் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. விண்டோஸ் 11-இன் ஒவ்வொரு பதிப்புக்கும் வீட்டு உபயோகத்தில் 24 மாதம்தான் ஆதரவு. அடுத்த பதிப்புக்கு மாறும்போதெல்லாம் அந்தத் தம்பியைத் தேட வேண்டிவரும். சில மிகப் பழைய பிராசஸர்களில் 24எச்2 முதல் எழவே எழாது. விளையாட்டுக்கும் படத்துக்கும் இருக்கும் கம்ப்யூட்டர் என்றால் சரி. பேங்க் வேலை செய்கிற கம்ப்யூட்டரில் நான் செய்ய மாட்டேன்.

14. லினக்ஸ். பேரைக் கேட்டதும் பக்கத்தைத் திருப்பாதீர்கள். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை என்பது வேறு கதை. இன்றைய லினக்ஸ் மின்ட்டைத் திறந்தால் விண்டோஸ் 7 பழகியவருக்கு எதுவும் அந்நியமாகத் தெரியாது: கீழே பட்டை, இடது மூலையில் மெனு. 4 ஜிபி ராமில் நன்றாக ஓடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. காசு கிடையாது, கீ கிடையாது.

முதலில் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பிப் பாருங்கள். உள்ளே இருக்கும் விண்டோஸை அது தொடாது. வைஃபை எடுக்கிறதா, யூடியூபில் சத்தம் வருகிறதா, பிரின்டரைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உண்டு. பேங்க் தளங்கள் வழக்கம்போல் திறக்கும். வேர்டு, எக்செல் ஃபைல்களை லிப்ரே ஆபீஸ் திறக்கும், சிக்கலான மேக்ரோக்கள் மட்டும் முரண்டு பிடிக்கும். தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம். டாலியும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அன்றாடம் தேவைப்படுகிறவர்களுக்கு இது சரிவராது. பிள்ளைகளின் பாடம், மெயில், படம், டிக்கெட் முன்பதிவு என்று இருக்கும் வீட்டுக்கு, விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி.யும் மின்ட்டும் போட்டுக்கொள்வதைத்தான் நான் சொல்வேன். தவணை கட்ட வேண்டியதில்லை.

15. "உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று திரை முழுக்கச் சிவப்பாக வந்தால் பிரவுசரை மூடுங்கள். மூடவில்லையென்றால் கம்ப்யூட்டரையே அணையுங்கள். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் போன் எண்ணே இருக்காது. "மைக்ரோசாஃப்ட்லேருந்து பேசுறோம்" என்று வருகிற போனும் அப்படித்தான். எனி டெஸ்க், டீம் வியூவர் போன்ற செயலிகளை நிறுவச் சொன்னதுமே போனை வைத்துவிடலாம். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதை இன்றே சொல்லி வையுங்கள்.

16. எல்லாம் பார்த்த பிறகு புதிது வாங்குவதுதான் சரி என்று வந்தால், பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளுவதற்கு முன் மைக்ரோசாஃப்ட், கூகுள் கணக்குகளிலிருந்து அதை நீக்குங்கள். ஃபைல்களை அழித்தால் போதாது. விண்டோஸ் ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கு என்பதையும், டிரைவைச் சுத்தம் செய் என்பதையும் தேர்ந்தெடுத்து ஓட விடுங்கள். சில மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் டிஸ்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். சில நூறு ரூபாய் உறையோடு அதை வெளி ஹார்ட் டிஸ்காகவே பயன்படுத்தலாம்.